வண்டிக்கு உப்பு ஊற்றியவர்

நம் தெருவில் என்னோடு ஓடிப்பிடித்து விளையாடி, இன்று பேரன் பேத்தி எடுத்து, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

போன மாதம் என் சித்தப்பாவை அடக்கம் செய்தோம். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், நம் வயதுக்காரர்தான், பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார். "யாருன்னு தெரியலையா? அண்ணன் வண்டிக்கு உப்பு ஊத்துனாருல்ல, அவருதான்." மற்றவர், "ஓ, அவரா?" என்றார். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. ஒரு மனுஷனை மண்ணுக்குள் இறக்கும்போதும் அந்தப் பெயர் கூடவே இறங்குகிறது. மண் அள்ளிப் போட்டுவிட்டு நான் குழியோரத்திலேயே நின்றுவிட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

துக்கம் மட்டும் இல்லை. அந்த உப்பை ஊற்றியவர் அவர் இல்லை. யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. என் அப்பா பதினாலு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிப் பிழைத்தவர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவருக்கு ஆசை இல்லை, வெறி. போலகத்தில் அம்மாவின் பங்காக வந்த இரண்டு மா நிலத்தை விற்று, ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒரு நாளில், பழைய மெட்டடார் வேன் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பாசி பிடித்த குளத்தின் நிறம். வலது பக்கம் உள்ளே அமுங்கியிருந்தது. முன் விளக்கு ஒன்று இல்லை. ஒற்றைக் கண்ணால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"யாரு வண்டிங்க?" என்று அம்மா கேட்டாள்.

"புதுச்சேரிக்காரர் ஒருத்தரு. குடும்பத்தோட பிரான்சுக்குப் போறாரு. வந்த வெலைக்குத் தள்ளிட்டாரு."

நம் ஊரில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தெருவுக்கு நாலு வீட்டில் பிரான்சில் ஆள் இருந்த காலம் அது.

வேளாங்கண்ணி கொடியேற்றத்துக்கு முன்னால் வண்டி ரோட்டில் ஓட வேண்டும். அந்தப் பத்து நாள் ஓட்டத்தில்தான் போட்ட காசில் கொஞ்சமாவது திரும்பும். கோயில் வாசலில் பூசை முடிந்து வந்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அப்போதே சீட் சொல்லிவிட்டார்கள். காரைக்காலில் பட்டறைக்காரர் கேட்ட கூலியைக் கேட்டுவிட்டு வந்து அப்பா இரண்டு நாள் வீட்டில் எல்லோரையும் திட்டினார். மூன்றாம் நாள், "நம்ம வீட்டுலயே பெயிண்ட் அடிச்சுக்குவோம். ஏந்தம்பி இருக்கான், சும்மாதானே கெடக்கான்?" என்றார்.

அந்தத் தம்பிதான் என் சித்தப்பா. அப்பாவைவிட ஒன்பது வயது இளையவர். பட்டினத்துக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அவர் கை ஓடினால் பிரஷ் கோடு தெரியாது. தண்ணி போடுவார், அதை மறைக்க முடியாது. போட்டால் பாடுவார், அழுவார், எங்களுக்கு வறுகடலை வாங்கித் தருவார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. எங்கள் வீட்டில் கை நீட்டாத ஒரே பெரிய ஆள் அவர்தான். அம்மாகூட எங்களை விளக்குமாற்றால் விளாசுவாள். அவருக்குப் பெண் பார்த்து, தை மாதம் கல்யாணம், அதற்கு முன் கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பது என்று பேச்சு முடிந்திருந்தது. "வண்டிய நீதாண்டா ஓட்டப் போறே" என்று அப்பா சொல்லித்தான் பெண் வீட்டாரும் சரி என்றார்கள்.

முதலில் பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டும். டயரைக் கழற்றிவிட்டு, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். ஊதுவிளக்கால் சூடு காட்ட, பச்சைப் பெயிண்ட் பொரிந்து எழும்பும். அதை இரும்புத் தகட்டால் வழிப்பார் சித்தப்பா. அப்பாவும் அம்மாவும் நானும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்போம். அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. பச்சைத் தூள் தலைமுடியில், மூக்கில், சோற்றில். எச்சில் துப்பினால் பச்சை. என் விரல் நகத்தின் ஓரம் பிய்ந்து ரத்தம் வந்தது. நிறுத்தினேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையில் இருந்த ஸ்பேனரை வீசினார். காதுக்குப் பக்கத்தில் காற்றுப் போனது. பின்னால் இருந்த மண்பானை உடைந்தது.

"கொழந்தைண்ணே" என்றார் சித்தப்பா.

"ஒன் வேலையப் பாரு."

அப்பாவைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை தோறும் அவர் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் நிற்பார். எண்ணெய் ஒட்டிய கையால் என் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார். ஆனால் அவருக்குப் பயம் வந்தால் அது கை வழியாகத்தான் வெளியே வரும். அந்த ஒரு மாதம் முழுக்க அவர் பயத்தில் இருந்தார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது கை மட்டும்தான்.

பின் சீட்டைக் கழற்றிய அன்றைக்கு அடியில் ஒரு செருப்பு கிடைத்தது. சின்னது, நாலு வயதுப் பிள்ளை போடுகிற மாதிரி. சிவப்பு ரப்பர் வார், ஒற்றைக் கால். அமுங்கிய பக்கத்துத் தகட்டில், பச்சைக்கு உள்ளே, தேய்த்தாலும் போகாத காவி நிறத்தில் ஒரு படிவு ஒழுகி உறைந்திருந்தது. அம்மா செருப்பைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வண்டியில யாருங்க செத்தது?"

அப்பா எழுந்தார். அம்மாவின் முடியைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார். நானும் சித்தப்பாவும் வெளியே நின்றோம். உள்ளே இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"வெளியில மூச்சு விட்டே, ஒன்னையும் ஒம் புள்ளையையும் இந்த வண்டியிலயே போட்டுக் கொளுத்திடுவேன். சாவு வுழுந்த வண்டின்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்? நெலத்த வித்தாச்சு. போயி பிச்ச எடுக்கச் சொல்றியா?"

அம்மா வெளியே வந்தபோது உதடு கிழிந்திருந்தது. தண்ணீர் மொண்டு வாய் கொப்பளித்தாள். பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்து தேய்த்தாள். செருப்பை அப்பா வேலிக்கு வெளியே எறிந்திருந்தார். சாயங்காலம் அம்மா அதைத் தேடி எடுத்து, கொல்லையில் தென்னை அடியில் புதைத்து, மேலே மெழுகுத்திரித் துண்டு ஒன்றை ஏற்றினாள். காற்றில் அது நிற்கவில்லை. மூன்று தடவை ஏற்றினாள்.

அடுத்த அடி வியாழக்கிழமை. தகடு வெள்ளையாக வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டே அப்பா சொன்னார், கோயில் மணியடிப்பவரின் மருமகனை டிரைவராகப் போட்டிருப்பதாக.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "நான்?"

"நீ கிளீனரா வா. குடிகாரன் ஓட்டுற வண்டியில மாதா கோயிலுக்கு எவன் ஏறுவான்?"

"பொண்ணு வீட்டுல டிரைவர்னு சொல்லியிருக்குண்ணே."

"இப்ப கிளீனர்னு சொல்லு."

சித்தப்பா எழுந்து ஊதுவிளக்கை உதைத்தார். அது உருண்டு வேலியில் பற்றியது. அப்பா ஓடி வந்து அவர் நெஞ்சில் மிதித்தார். இருவரும் பச்சைத் தூளில் புரண்டார்கள். அடித்தது அப்பா மட்டும். சித்தப்பா தெருவுக்கு ஓடி நின்று, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல், எல்லோரும் கேட்கக் கத்தினார். "ஏங் கையால சுரண்டுன வண்டி! நான் ஓட்டாம இது ஓடாது, பாத்துக்க! ஓடாது!"

இதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். இதுதான் பிறகு அவருக்கு எமனாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா ரெட் ஆக்சைடு வாங்க மத்தியானம் சைக்கிளில் காரைக்கால் போனார். தகட்டுக்கு முதலில் பூசுகிற சிவப்பு மருந்து அது. அவர் முனை திரும்பியதும் அம்மா மாதா பீடத்துக்குக் கீழே இருந்த கண்ணாடிப் பாட்டிலை எடுத்தாள். மந்திரித்த உப்பு. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். சாமியார் மந்திரித்துக் கொடுத்த உப்பை நாம் எதற்கெல்லாம் போடுவோம்? வீடு கட்டினால் நாலு மூலையிலும். கிணறு தோண்டினால் அதில். மாடு கன்று போட்டால் தவிட்டில். பிள்ளை அலறி எழுந்தால் தலையணைக்கு அடியில். சாவு விழுந்த வண்டிக்கு மட்டும் போடாமல் இருப்போமா?

பாட்டில் முழுவதையும் வாளித் தண்ணீரில் கொட்டினாள். என் பழைய கவுன் துணியை நனைத்தாள். "புழிஞ்சு புழிஞ்சு குடு" என்றாள். நான் பிழிந்து கொடுத்தேன். அம்மா வெறும் தகட்டைத் துடைத்துக்கொண்டே ஜெபமாலை சொன்னாள். வெள்ளிக்கிழமை என்பதால் துக்க தேவ இரகசியங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து அருள்நிறைந்த மரியே. நாலு பக்கமும் முடிந்து, ஸ்டூலில் ஏறி, கூரைக்கு ஐந்தாவது பத்து. காவி படிந்த இடத்தில் துணியை அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "எந்தப் புள்ளையோ, எந்தத் தாயோ" என்றாள். வெயிலில் தண்ணீர் உடனே காய்ந்தது. தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அது அழகாக இருந்தது எனக்கு.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள்.

"சொல்ல மாட்டேம்மா."

அப்பா வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில், உள்ளே தள்ளி, இரண்டு கால் தெரிந்தது. சாக்கை விரித்து, நிழலுக்காகச் சித்தப்பா அங்கே படுத்திருந்தார். முந்தின நாள் போனவர் எப்போது வந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா காலைப் பிடித்து வெளியே இழுத்தார். அம்மா கையில் இருந்த காலி வாளி கீழே விழுந்தது.

"வந்துட்டாரு தொரை. குடிச்சுட்டு மட்டையாயிட்டு... எந்திரி. பிரஷ்ஷ எடு."

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். விரலைத் தகட்டில் வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு வேணாண்ணே" என்றார் சித்தப்பா.

"ஏன்?"

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏண்டா வேணாம்? வாய்ல என்ன கொழுக்கட்டையா? கொடியேத்தத்துக்கு எத்தன நாளு இருக்குன்னு தெரியுமா?" முதுகில் ஒரு அறை விழுந்தது. சித்தப்பா டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் வண்டி முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

பெயிண்ட் படகுக்கு அடிக்கிற நீலம். கடற்கரையில் மிச்சம் மீதி இருந்த டப்பாக்களைக் கேட்டு வாங்கி, ஏழெட்டு நீலத்தை ஒன்றாக ஊற்றிக் கலக்கினார் சித்தப்பா. பெயிண்ட் அடிக்கிற மிஷின் கிடையாது. கொசுமருந்து அடிக்கிற பம்பு ஒன்றை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அதில் பெயிண்டை நீர்க்க ஊற்றி அடித்தார். புழுதி ஒட்டாமல் இருக்க அம்மாவின் சேலைகளைச் சுற்றிக் கட்டியிருந்தோம். சேலைக்கு உள்ளே புஸ் புஸ் என்று சத்தம். மூன்று நாள் கழித்து அவிழ்த்தபோது நீங்கள் எல்லோரும் வந்தீர்கள், நினைவிருக்கிறதா? மாதா முக்காட்டு நீலம். முகம் தெரிந்தது அதில். அப்பாவே சித்தப்பாவின் தோளைத் தட்டி, "கைகாரண்டா நீ" என்றார். சித்தப்பா சிரிக்கவில்லை. தினமும் காலையில் வந்து வண்டியைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு இரண்டு நாள் மழை. கடற்காற்றின் ஈரம் சுவரில் எல்லாம் வியர்த்தது. ஆறாம் நாள் காலையில் அப்பா போட்ட சத்தத்தில் நான் எழுந்தேன். வண்டிக்கு அம்மை போட்டிருந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். நீலம் முழுக்கக் கொப்புளம். கடுகளவு, பட்டாணி அளவு, சில இடத்தில் உள்ளங்கை அளவு. காவி படிந்திருந்த இடத்தில்தான் பெரிது. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

அப்பா ஆள் அனுப்பி, காரைக்கால் பட்டறைக்காரரை வரவழைத்தார். அவர் ஒரு ஆணியால் கொப்புளத்தைக் குத்தினார். தண்ணீர் வடிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்பு கரிக்குது. பெயிண்டுல கொறையில்லீங்க. தகட்டுமேல எவனோ உப்புத்தண்ணி ஊத்தியிருக்கான். அதுக்கு மேலதான் மருந்து அடிச்சிருக்கீங்க. இனிமே மொத்தமா சொரண்டணும்."

அவர் போன பிறகு அப்பா வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். சித்தப்பா அப்போதுதான் வாசலுக்கு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே நின்றது. நீங்கள் குழந்தைகள், முன்வரிசையில்.

"அன்னிக்கு மத்தியானம் வண்டிகிட்ட நீதானே கெடந்தே?"

சித்தப்பா கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடாது, பாத்துக்கன்னு சொன்னே. சொல்லு. யாரு ஊத்துனது?"

அப்பா குனிந்து ஜாக்கி ராடை எடுத்தார். முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும், கெட்டியான இரும்பு. முதல் அடி தோளில். அரிசி மூட்டை விழுகிற சத்தம். சித்தப்பா வண்டியில் மோதி, வலது கையை நீலத்தில் ஊன்றி நின்றார்.

"யாருடா ஊத்துனது? ஏங் கொழந்த சோத்துல மண்ணப் போட்டது யாரு?"

அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் உதட்டுக் காயத்தில் அப்போதுதான் பக்கு உதிர்ந்திருந்தது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். வாயைத் திறந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு கையாலும், என் முழு பலத்தோடும் இழுத்தேன். அந்த இரும்பு அம்மா தலையில் இறங்குவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன், இறங்குமுன்னே. அம்மா தடுமாறி நின்றாள்.

சித்தப்பா எங்களைப் பார்த்தார். ஒரு தடவைதான்.

"நாந்தாண்ணே" என்றார். "நாந்தான் ஊத்துனேன். போதுமா?"

"எந்தக் கைடா?"

கேட்டுவிட்டு அப்பா காத்திருக்கவில்லை. வண்டியில் ஊன்றியிருந்த அந்தக் கையின் மேலேயே இறக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. தகடு மணி மாதிரி ஒலித்தது. கொப்புளங்கள் உடைந்து தண்ணீர் ஓடியது, ரத்தமும் சேர்ந்து. விரல்கள் வேறு வேறு பக்கம் திரும்பியிருந்தன. சித்தப்பா கத்தவில்லை. முழந்தாளில் உட்கார்ந்தார். வேலிக்குப் பின்னால் ஒரு குழந்தை கைதட்டியது எனக்குக் கேட்டது. யார் என்று தெரியும். எழுத மாட்டேன். குழந்தைதானே.

யாரோ பெரியவர்கள் வந்து அப்பாவைப் பிடித்தார்கள். ராடைப் பிடுங்கியபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கை கூடியது, விரல்கள் மடங்கவில்லை. பெண் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள், அண்ணன் வண்டிக்கே உப்பு ஊற்றுகிறவன் எங்களுக்கு வேண்டாம் என்று. ஓலை வாசிக்கவே இல்லை. கொஞ்சநாள் கோயிலுக்கு வந்தார். வலது கை மடங்காததால் இடது கையால் சிலுவை போட்டார். பசங்கள் பின்னாலிருந்து அதே மாதிரி போட்டுக் காட்டிச் சிரித்தார்கள். பிறகு ஊரில் அவரைக் காணவில்லை.

வேன் பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரர் நீலத்தை மொத்தமாகச் சுரண்டி, நல்ல தண்ணீரில் நாலு தடவை கழுவி, வெள்ளை அடித்தார். கொடியேற்றம் தவறிப்போய், திருநாளுக்கு முந்தின நாள் முதல் ஓட்டம் போனது. நாங்கள் எல்லோரும் ஏறினோம். அம்மா ஏறவில்லை. பதினோரு வருஷம் அந்த வண்டி ஓடியது, ஒரு கீறல் கிடையாது. மந்திரித்த உப்பில் எனக்கு இன்றும் விசுவாசம் உண்டு. யாரும் அதை வைத்துச் சிரிக்க வேண்டாம். அதைப் பெயிண்ட் காய்ந்த பிறகு போட வேண்டும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அம்மா சாப்பாட்டில் உப்பு சேர்க்கவில்லை. எங்களுக்குப் போட்டுச் சமைப்பாள். தனக்கு வெறும் கஞ்சியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வாள். அப்பா கேட்டதற்கு, "ஒரு நேத்திக்கடன்" என்றாள். கோயிலில் எல்லோருக்கும் அது தெரியும். எவ்வளவு பக்தி என்று அவளைக் கைகாட்டிப் பேசுவார்கள். அப்பா உண்மை தெரியாமலே கண்ணை மூடினார். அம்மா ஆறு வருஷத்துக்கு முன் போனாள். சாகும் முன் எண்ணெய் தொட்டு அவஸ்தைபூச வந்த சாமியாரிடம் நெடுநேரம் காதில் பேசினாள். என்னிடம் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் என் மருமகன் சொன்னான், கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரி லாரிகளைக் கழுவுகிற இடத்தில், கை சரியில்லாத ஒரு பெரியவர் நம் ஜாடையில் இருக்கிறார் என்று. போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை. கயிற்றுக் கட்டில். சுவரில் ஒரு மாதா படம், அதன்மேலும் கரித்தூள். இடது கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்னைப் பார்த்ததும் கண்டுகொண்டார்.

"அண்ணி மவளா? ஏம்மா இப்புடிக் கெழவியாயிட்டே?"

"நீங்க மட்டும் கொமரா சித்தப்பா?"

சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை. குடியை எப்போதோ விட்டுவிட்டாராம். அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாற்பது வருஷமாக என் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன். "நீங்க ஊத்தல. ஏன் ஊத்துனேன்னு சொன்னீங்க?"

அவர் கஞ்சியைக் கலக்கினார். "வண்டிக்கு அடியிலதானே படுத்திருந்தேன். தூங்கல. மேல அருள்நெறைந்த மரியே கேக்குது. தகட்டு ஓட்ட வழியா தண்ணி எம் மூஞ்சியில சொட்டுது. நாக்குல பட்டுது. உப்பு."

"அப்ப பெயிண்ட் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்?"

"படகுக்கு அடிக்கிறவனுக்கு அது தெரியாதா? நல்ல தண்ணி ரெண்டு வாளி ஊத்திக் கழுவியிருந்தா முடிஞ்சுது."

"ஏன் கழுவல?"

என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "மந்திரிச்ச உப்பாச்சேம்மா. அத நான் எப்புடிக் கழுவிக் கீழ ஊத்துறது? குடிச்ச வாயோட, குடிச்ச கையோட? ஒரு நாள் தள்ளிப் போட்டா அண்ணிகிட்ட தனியாக் கேட்டுக்கலாம்னு பாத்தேன். அண்ணன் விடல. அப்பறம், மாதா பாத்துக்குவாங்கன்னு வுட்டுட்டேன்."

நான் அழ ஆரம்பித்தேன். "அம்மா சொல்ல வந்தாங்க சித்தப்பா. நாந்தான் முந்தானையப் புடிச்சு இழுத்தேன்."

"தெரியும். பாத்தேன்" என்றார். "அண்ணி வாயத் தொறந்துட்டாங்க. நீ இழுக்குறே. இன்னொரு நொடி போயிருந்தா சொல்லியிருப்பாங்க. அந்த ராடு அவங்க தலைக்குத் தாங்குமா? அதான் நான் முந்திக்கிட்டேன். எனக்குக் கையோட போச்சு."

அம்மா உப்பை விட்டதைச் சொன்னேன். சாகும் வரைக்கும் தொடவில்லை என்றேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

"அடப் பைத்தியக்கார அண்ணி" என்றார் கடைசியில். "அந்த டப்பாவ எடு. இன்னும் ரெண்டு கல்லு போடு. அவங்களுக்கும் சேத்து."

போட்டேன். இடது கையால் சிலுவை போட்டுவிட்டு, முழுவதையும் குடித்தார்.

கிளம்பும்போது, "யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே. கோயில்ல அண்ணி பேரு நல்லா இருக்கு. அப்புடியே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். மூன்று வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். அவர் பெட்டி இறங்கும்போது பின்னாலிருந்து அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு முடியவில்லை. போன வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். ஆனால் சித்தப்பாவுக்கு அந்தப் பெயரை வைத்தது ஆண்டவர் இல்லை, நம் தெரு. ஆகவே தெருவிடமும் நான் சொல்ல வேண்டும்.

உப்பை ஊற்றியது என் அம்மா, ஒரு செத்த பிள்ளைக்காகவும் உயிரோடு ஏறப்போகிற உங்களுக்காகவும். துணியைப் பிழிந்து கொடுத்தது நான். அவள் வாயை அடைத்ததும் நான்தான்.

கல்லறைத் திருநாள் வருகிறது. அவர் குழி கிழக்கு மதிலோரம், கடைசி வரிசை. மண் இன்னும் அமுங்கவில்லை. ஆளுக்கொரு மெழுகுத்திரி கொண்டு வாருங்கள். பின்னால் நின்று பேச வேண்டாம். முன்னால் வந்து நில்லுங்கள்.